திரைக்கு உள்ளே போன வக்கீல்

எங்கள் ஆச்சியின் இடது கைப் பெருவிரலில் ஒரு தழும்பு உண்டு. சிறு வயதில் அரிவாள்மணையில் தேங்காய் கீறும்போது வெட்டுப்பட்டதாம். அந்தத் தழும்பை நான் இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒன்று அவள் விரலில். இன்னொன்று, பெரிய தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய பத்திரத்தில். ஊதா மையில் வட்டமாக விழுந்த ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. பெயரைப் படிக்கும் முன்பே அது ஆச்சியின் கை என்று தெரிந்துவிட்டது.

அது ஒரு விடுதலைப் பத்திரம். தாத்தா இறந்த மறு வருடம் எழுதியது. குளத்தடி வயலில் தனக்கிருந்த உரிமை அனைத்தையும் ஆச்சி விட்டுக்கொடுத்ததாகச் சொல்லியது. கடைசிப் பக்கத்தில், “வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு” என்று முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. அப்போது நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் கேட்டேன்.

“என்னன்னு கேக்கலையா ஆச்சி?”

“கேட்டேனே. பட்டா மாத்தணும், உன் ரேகை வேணும்னாவ. வச்சேன்.”

“யாரும் படிச்சுக் காட்டலையா?”

“திண்ணையில நாலு ஆம்பளைய உக்காந்திருந்தாவ. நான் கதவுக்குப் பின்னால நின்னேன். கையை மட்டும் வெளிய நீட்டினேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த மாதம் வகுப்பில் பர்தாநஷீன் பெண்களைப் பற்றிய சட்டம் நடத்தினார்கள். திரைக்குப் பின்னால் வாழும் பெண் ஒருத்தி பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், போட்டுவிட்டாள் என்பது மட்டும் போதாது. அந்தப் பத்திரத்தை வைத்து உரிமை கேட்பவர், அது அவளுக்குப் படித்துச் சொல்லப்பட்டது, அவள் புரிந்துகொண்டுதான் போட்டாள் என்று நிரூபிக்க வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் காலத்திலிருந்து வரும் கொள்கை இது. பின்னாளில் எழுத்தறிவில்லாத பெண்களுக்கும் கோர்ட்டுகள் இதை நீட்டின. பாடத்தின் நடுவே பேராசிரியர் ஒரு பெயரைச் சொன்னார்: கார்னேலியா சொராப்ஜி. இந்தியாவின் முதல் பெண் வக்கீல் என்று ஒரே வரியில் கடந்து போய்விட்டார். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கார்னேலியா 1866-ல் நாசிக்கில் பிறந்தவர். அப்பா பார்சியாகப் பிறந்து கிறிஸ்தவரான பாதிரியார். அம்மா பிரான்சினா புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தியவர். சொத்து, வாரிசுரிமை என்று வில்லங்கம் வந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் யோசனை கேட்டு வருவது பிரான்சினாவிடம்தான். வக்கீலிடம் போக முடியாது. வக்கீல் ஆண். பள்ளிக்கூடத்து அம்மாவிடம் வரலாம். இந்தப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த பெண் சட்டம் படிக்க ஆசைப்பட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதற்கு அவர் கொடுத்த விலைதான் மலைக்க வைக்கிறது.

புனே டெக்கான் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி அவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியும் அவரே. இறுதித் தேர்வில் தன் கல்லூரியில் முதலாவதாக வந்தார். அப்படி வருகிறவருக்கு இங்கிலாந்தில் படிக்க அரசாங்க உதவித்தொகை உண்டு. பெண் என்பதால் அது மறுக்கப்பட்டது. சில காலம் குஜராத் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். பிறகு இங்கிலாந்தில் மேரி ஹாப்ஹவுஸ், அடிலெய்ட் மேனிங் போன்றவர்கள் ஒரு நிதி திரட்டினார்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேலும் அதற்குப் பணம் கொடுத்தார். 1889-ல் கார்னேலியா கப்பலேறி ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரியில் சேர்ந்தார்.

ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படிக்க விட்டார்கள். ஆல் சோல்ஸ் கல்லூரியின் காட்ரிங்டன் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி பெற்ற முதல் பெண் அவர்தான். தேர்வு எழுதுவதில்தான் சிக்கல் வந்தது. பி.சி.எல். என்ற சட்டத் தேர்வை அதுவரை பெண் எவரும் எழுதியதில்லை. ஆண்களோடு ஒரே மண்டபத்தில் உட்கார வேண்டாம், கல்லூரியிலேயே தனியாக எழுதிக்கொள்ளட்டும் என்று ஒரு யோசனை வந்தது. கார்னேலியா ஒப்புக்கொள்ளவில்லை. பேலியல் கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் அவர் பக்கம் நின்றார். பல்கலைக்கழகம் தனித் தீர்மானம் போட்டு அனுமதி கொடுத்தது. 1892-ல் கார்னேலியா மற்ற மாணவர்களைப் போலவே தேர்வு எழுதித் தேறினார்.

தேறினார், ஆனால் பட்டம் இல்லை. 1920 வரை ஆக்ஸ்ஃபோர்ட் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. 1892-ல் எழுதிய தேர்வுக்கான பட்டத்தை 1922-ல் போய் வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு 55 வயது.

முப்பது வருடம் என்று எழுதும்போது ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. என் சீனியரிடம் நான் ஜூனியராக இருந்தது ஆறு வருடம். கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து, வாய்தா வாங்கி வாங்கியே நாட்கள் போகும்போது, இது எப்போது முடியும் என்று அழுத ராத்திரிகள் உண்டு. அந்த ஆறு வருடமும் என் பெயர் பார் கவுன்சில் பட்டியலில் இருந்தது. நான் வக்கீல் என்பதை யாரும் மறுக்கவில்லை.

1893-ல் இந்தியா திரும்பிய கார்னேலியாவின் நிலை வேறு. காத்தியவார், இந்தூர் சமஸ்தானப் பகுதிகளில் அரசாங்கப் பிரதிநிதிகளாக இருந்த பிரிட்டிஷ் ஏஜெண்டுகள் முன்னால், திரைக்குள் இருந்த பெண்களுக்காக மனுப் போட அவருக்குத் தனி அனுமதி கிடைத்தது. கோர்ட்டில் வக்கீலாக நிற்க மட்டும் உரிமை இல்லை. அப்படியும் 1896-ல் புனே செஷன்ஸ் கோர்ட்டில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணுக்காக வாதாடினார். நீதிபதியின் அனுமதி இருந்தால் வக்கீல் அல்லாத நபரும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்காகப் பேசலாம் என்ற வழியில் உள்ளே போனார். பிரிட்டிஷ் இந்தியக் கோர்ட்டில் ஒரு பெண் வாதாடியது அதுவே முதல் முறை.

அந்த அனுமதி அன்றைய வழக்கோடு முடிந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் படிப்பு செல்லாது என்றால் இந்தியப் படிப்பையே படிக்கிறேன் என்று 1897-ல் பம்பாயில் எல்.எல்.பி. முடித்தார். 1899-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் பிளீடர் என்ற வக்கீல் தேர்விலும் தேறினார். அப்போதும் வக்கீலாகப் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். தேர்வு எழுதலாம், தேறலாம், தொழில் செய்யக் கூடாது. ஒவ்வொரு கதவையும் தட்டி, அது திறந்து, உள்ளே போனால் இன்னொரு கதவு சாத்தியிருக்கிறது. இவர் திரும்பிப் போகவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் நம்ப முடியாத விஷயம்.

அப்புறம் அவர் வேறொரு வழியைத் தேடினார். 1902-லிருந்து லண்டனில் இருந்த இந்தியா ஆபீஸுக்கு மனு மேல் மனு போட்டார். சொத்துள்ள பெண்கள் திரைக்குள் இருக்கிறார்கள், அந்நிய ஆணோடு பேசக் கூடாது. அவர்கள் சொத்தைப் பற்றி அவர்களிடமே கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். ஒரு பெண்ணைச் சட்ட ஆலோசகராகப் போடுங்கள் என்றார். 1904-ல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸுக்கு உதவியாளராக அவரை நியமித்தார்கள். விதவைகள், மைனர் வாரிசுகள் ஆகியோரின் ஜமீன் சொத்துகளை அரசாங்கம் எடுத்து நிர்வகித்த அமைப்பு அது. 1907-க்குள் வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் என்று நான்கு பகுதிகளும் அவர் பொறுப்பில் வந்துவிட்டன.

ரயிலிலும் படகிலும் பல்லக்கிலும் போய் அந்தப்புர வாசலில் இறங்குவார். அதுவரை அந்த வீட்டுப் பெண்ணுக்கும் சட்டத்துக்கும் நடுவில் யார் யாரோ இருந்தார்கள்: காரியஸ்தர், கொழுந்தன், குடும்பப் புரோகிதர், குமாஸ்தா. அவர்கள் சொல்வதைத்தான் அவள் சொன்னதாக அரசாங்கம் எழுதிக்கொண்டது. கார்னேலியா நேரே உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேட்டார். விதவைகளின் ஜீவனாம்சம், தத்தெடுப்புத் தகராறு, குழந்தைகளின் படிப்பு, வாரிசுப் பையனின் உயிருக்கு வரும் ஆபத்து வரை எல்லாம் அவர் காதுக்கு வந்தன. சுமார் இருபது வருடத்தில் 600-க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் உதவினார் என்று சொல்கிறார்கள். சில வழக்குகளுக்கு காசு வாங்கவில்லை.

ஆச்சி கதவுக்கு வெளியே கையை நீட்டிய அந்தக் காட்சி எனக்கு இங்கேதான் திரும்பத் திரும்ப வரும். கதவுக்கு அந்தப் பக்கம், ஆச்சிக்குப் பக்கத்தில், படிக்கத் தெரிந்த ஒரு பெண் அன்று நின்றிருந்தால் போதும். வழக்கே வேண்டியிருந்திருக்காது.

இதில் மனதை அறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கார்னேலியா செய்தது முழுக்க முழுக்க வக்கீல் வேலை. அதற்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. 1909-ல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கமும் கொடுத்தது. வக்கீல் என்ற பெயரை மட்டும் கொடுக்கவில்லை. அவர் வங்காள அரசாங்கத்தின் சட்ட வேலையைப் பன்னிரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தபோதுதான், 1916-ல், அதே வங்காளத்தின் உயர் நீதிமன்றம் பெண் வக்கீலாக முடியாது என்று தீர்ப்பு எழுதியது.

அந்த வழக்கைப் போட்டவர் ரெஜினா குஹா. அப்பா வங்காளி வக்கீல், அம்மா பாக்தாதி யூதக் குடும்பத்துப் பெண். ஆங்கிலத்தில் எம்.ஏ., பிறகு பி.எல். முடித்து, அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் பிளீடராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். முன்னுதாரணம் இல்லாததால் விண்ணப்பம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்தார்கள்.

வாதம் எதைப் பற்றி? ரெஜினாவின் படிப்பைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு பிரதிப்பெயர்ச் சொல்லைப் பற்றித்தான் வாதம். 1879-ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டத்தில் பிளீடரைக் குறிக்க ஆங்கிலத்தில் ஆண்பால் சொல் வருகிறது. ஆண்பாலில் சொன்னது பெண்பாலையும் சேர்த்தே குறிக்கும் என்று, சட்டச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பொதுவிதிச் சட்டம் சொல்கிறது, அதனால் பெண்ணும் இதில் அடக்கம் என்பது ரெஜினா தரப்பு. நீதிபதிகள் பழைய ஒழுங்குமுறைச் சட்டங்களைப் புரட்டினார்கள். இங்கிலாந்தின் தீர்ப்புகளைப் பார்த்தார்கள். லண்டனில் க்வினெத் பெப் என்ற பெண் சொலிசிட்டராக முடியாது என்று 1913-ல் வந்த தீர்ப்பு அப்போது புதிது. கடைசியில், வக்கீல் என்றால் ஆண்கள்தான் என்று எண்ணியே இந்தச் சட்டத்தை இயற்றியிருக்கிறார்கள், பெண்களைச் சேர்ப்பதென்றால் சட்டமன்றம்தான் செய்ய வேண்டும் என்று விண்ணப்பத்தைத் தள்ளினார்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். தமிழில் நாம் ‘அவர்’ என்று எழுதினால் ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை. வாதி, பிரதிவாதி, சாட்சி, நீதிபதி, வழக்கறிஞர் எல்லாமே அப்படித்தான். அந்தச் சட்டம் தமிழில் இருந்திருந்தால் ரெஜினா குஹா எந்தச் சொல்லில் தடுக்கி விழுந்திருப்பார்? வேறு ஏதாவது ஒரு சொல்லைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆச்சியின் பத்திரம் நல்ல தமிழில்தான் இருந்தது.

ரெஜினா கல்கத்தாவில் யூதப் பெண்கள் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1919-ல் இறந்துவிட்டார். அதே வருடக் கடைசியில் பிரிட்டனில், பெண் என்ற காரணத்தால் எவருக்கும் தொழில் தடை கூடாது என்று சட்டம் வந்தது. இந்தியாவில் வர இன்னும் நான்கு வருடம். அவர் பெயரில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு ஒரு தங்கப் பதக்கம் ஏற்படுத்தினார்கள். கோர்ட்டுக்குள் ஒரு நாளும் வக்கீலாக நிற்காத அவர் பெயரை, முதல் பெண்களின் பட்டியலில் யாரும் போடுவதில்லை. என்னைக் கேட்டால் முதலில் அவரைத்தான் போடுவேன். தோற்றுப்போன அந்த வழக்குதான், கோர்ட்டால் முடியாது, சட்டத்தையே மாற்ற வேண்டும் என்பதைப் பளிச்சென்று காட்டியது.

நடந்ததும் அதுதான். 1921 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கார்னேலியாவை வக்கீலாகப் பதிவு செய்தது. பிளீடர் தேர்வில் தேறி 22 வருடம் கழித்து! அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், அதே வருடம் நவம்பரில், பாட்னா உயர் நீதிமன்றம் கட்டாக்கைச் சேர்ந்த சுதான்சுபாலா ஹஸ்ராவின் விண்ணப்பத்தை நிராகரித்தது. ரெஜினா குஹா தீர்ப்பு குறுக்கே நின்றது. அலகாபாத்தில் பெண் வக்கீலாகலாம், பாட்னாவில் ஆக முடியாது. அடுத்த வருடம் மத்திய சட்டமன்றத்தில் ஹரி சிங் கௌர் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். 1923-ல் சட்டத்தொழில் (பெண்கள்) சட்டம் நிறைவேறியது. பெண் என்ற ஒரே காரணத்தால் எந்தப் பெண்ணும் சட்டத்தொழிலில் பதிவு செய்யவோ தொழில் செய்யவோ தகுதியற்றவள் ஆக மாட்டாள் என்பதே அதன் சாரம். மிகச் சின்னச் சட்டம். அதன் நகலைப் பிரிண்ட் எடுத்து என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

சென்னையில் 1929-ல் ஆனந்தா பாய் உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்தார். நம் பக்கத்தில் முதல் பெண் வக்கீல் அவர்தான்.

கார்னேலியா 1924-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். வயது ஐம்பத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கே சந்தோஷமாகக் கதையை முடித்துவிடலாம். ஆனால் கோர்ட்டில் எழுந்து வாதாட அவருக்கு வழக்குகள் வரவில்லை. வழக்கைப் படித்துச் சட்ட அபிப்பிராயம் எழுதித் தருவதுதான் பெரும்பாலும் கிடைத்த வேலை. ஐந்து வருடத்தில் விலகி லண்டனுக்குப் போய்விட்டார். 1954-ல் அங்கேயே காலமானார். சட்டம் மாறினாலும் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் கட்சிக்காரரின் மனது மாற நாளாகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். “மேடம், வாதாட சார் யாராவது வருவாங்களா?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கேட்டது ஒரு தடவை இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கார்னேலியா பிரிட்டிஷ் ஆட்சி தொடர வேண்டும் என்று நம்பியவர். காந்தியின் இயக்கத்தை எதிர்த்தார். அமெரிக்க எழுத்தாளர் காதரின் மேயோ இந்தியாவை இழிவாக எழுதிய புத்தகத்துக்கு 1927-ல் ஆதரவாகப் பேசினார். தேச விடுதலையில் நின்ற பெண்கள் அவரிடமிருந்து விலகிப்போனார்கள். இந்த விஷயத்தில் அவர் செய்தது தவறு என்றே நினைக்கிறேன். இதைப் படித்தபோது எனக்கு நெருங்கிய ஒருவர் ஏமாற்றியது போல வலித்தது. திரைக்குள் இருந்த ஒவ்வொரு பெண்ணின் பேச்சையும் நேரில் கேட்கத் தெரிந்தவர், வெளியே கூட்டமாக நின்று பேசிய பெண்களைக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த 600 பேரை இதற்காக அழித்துவிட முடியாது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள், பத்திர ஆபீஸில் நல்ல கூட்டம். வேப்பமரத்தடியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. கூட வந்த அண்ணன் டோக்கனுக்கு நின்றார். விடுதலைப் பத்திரம்தான். நான் வேறொரு கட்சிக்காரருக்காகப் போயிருந்தேன். என் கருப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கூப்பிட்டார்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.”

பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். சர்வே நம்பர், நான்கெல்லை, பெற்றுக்கொண்டதாகச் சொன்ன தொகை. ‘இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பாத்தியம் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். பெண்ணுக்கும் அப்பா சொத்தில் சரிபங்கு உண்டு என்பதையும் சொன்னேன். தொகை கைக்கு வந்ததா என்று கேட்டேன். வரவில்லை என்று தலையை ஆட்டினார்.

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அண்ணன் உள்ளே இருந்து கையைக் காட்டினார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

“இருங்க அண்ணாச்சி,” என்றார் சத்தமாக. பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் பாத்தியம்னு வருதுல்லா, அந்த வரியை மட்டும் இன்னொரு தடவ படிங்க” என்றார்.

படித்தேன்.